டீசலா, ஹைபிரிடா: கோத்தகிரி ஏற்றத்தில் ஒரு குடும்பக் கணக்கு

பன்னிரண்டு வருடமாக ஓட்டிய சின்னக் காரை இந்த மார்கழிக்குள் மாற்றிவிடுவது என்று வீட்டில் முடிவானது. கோத்தகிரிப் பக்கம் மலையில் குடியிருக்கும் நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், மலைப்பாதையில் குஞ்சப்பனை வருவதற்குள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்ளும் மாமியார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கார் வளரவில்லை. கோயம்புத்தூர் மருத்துவமனைக்கு மாமியாரை அழைத்துப் போகும் நாள்களில் பின்சீட்டில் நடக்கும் சண்டைக்குப் பஞ்சாயத்து செய்தே எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது.

இரண்டு மாதம் விசாரித்ததில் கடைசியில் நின்றவை இரண்டு: ஹூண்டாய் கிரெட்டாவில் டீசல் ஆட்டோமேட்டிக், மாருதி கிராண்ட் விட்டாராவில் ஸ்ட்ராங் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் வண்டி. கியா செல்டோஸைப் பார்ப்பவர்களுக்கும் கிரெட்டாவைப் பற்றிச் சொல்லும் பெரும்பாலானவை பொருந்தும், ஏனென்றால் டீசல் எஞ்சின் ஒன்றுதான். டொயோட்டா ஹைரைடர் கிராண்ட் விட்டாராவின் உடன்பிறப்பு. இரண்டுமே பெங்களூருக்கு அருகில் பிடதியில் ஒரே தொழிற்சாலையில் தயாராகின்றன. கிரெட்டா நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வருகிறது. மூன்று வரிசை இருக்கை உள்ள பெரிய வண்டிகளை முதல் வாரத்திலேயே தள்ளிவிட்டோம். எங்கள் ஊர்ப் பாதையில் எதிரே இலை ஏற்றும் வண்டி வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆகவேண்டும், அது எப்போதும் நானாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

அளவில் இரண்டும் அக்காள் தங்கை போலத்தான். கிரெட்டா 4,330 மில்லிமீட்டர் நீளம், 1,790 அகலம். கிராண்ட் விட்டாரா 4,345 நீளம், 1,795 அகலம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய சமம். ஆகவே கொண்டை ஊசி வளைவில் ஒன்று ஒரே வீச்சில் திரும்பிவிடும், மற்றொன்று திணறும் என்ற பேச்சுக்கே இடமில்லை. தரை இடைவெளி கிரெட்டாவில் 190, மற்றதில் 210. மழைக்குப் பிறகு எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் நடுவில் திட்டு எழும்பி நிற்கும். அங்கே அந்த இருபது மில்லிமீட்டர் பேசும், தார்ச்சாலையில் பேசாது. ஆறு காற்றுப்பை, ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் வசதி ஆகியவை இரண்டிலும் உண்டு. திரையின் அளவு, பாட்டுப் பெட்டி, கூரைக் கண்ணாடி இவற்றைப் பற்றி என் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியும் உள்ள ஊரில் கூரையைத் திறந்து எதைப் பார்ப்பது என்று நான் கேட்டதற்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

என் அண்ணன் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றுகிறவர், டீசலைத் தவிர வேறு எதையும் எரிபொருளாகவே மதிக்காதவர். "மலைக்கு இழுவை வேண்டும், பாப்பா. பெட்ரோல் வண்டி வாங்கினால் ஒவ்வொரு வளைவிலும் என்னை நினைத்துக்கொள்வாய்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிரெட்டா டீசலின் இழுவிசை 250 நியூட்டன் மீட்டர். அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போதே முழுதாக வந்துவிடுகிறது. வளைவில் ஏறக்குறைய நின்றுபோய் மறுபடி எடுக்கும்போது நமக்கு வேண்டியது இதுதான்.

அண்ணன் சொல்லாத இன்னொரு காரணமும் டீசலுக்குச் சாதகமாக இருக்கிறது. அது காற்று. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் சமவெளியில் தரும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. விளம்பரத் தாளில் 92 குதிரைத்திறன் என்று போட்டிருந்தால் உதகை சேரிங் கிராசில் அது எழுபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கும். டீசலில் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று, மெலிந்த காற்றையும் அடைத்து உள்ளே தள்ளிவிடுகிறது. அதனால் இழப்பு மிகக் குறைவு.

ஹைபிரிட் இங்கேதான் ஒரு விசித்திரப் பிறவி. அதன் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் டர்போ இல்லாதது, உயரம் அதைப் பாதிக்கும். கூட இருக்கும் மின்மோட்டாருக்கோ காற்றே தேவையில்லை. 80 குதிரைத்திறன் உள்ள அந்த மோட்டார் அடிவாரத்துக் கல்லாற்றில் எப்படியோ அப்படியேதான் தொட்டபெட்டா உச்சியிலும். ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். நீண்ட ஏற்றத்தில் பேட்டரி இறங்கிவிட்டால் அதை எஞ்சின்தான் உற்பத்தி செய்து தரவேண்டும். இரண்டும் சேர்ந்து 116 குதிரைத்திறன் என்ற கணக்கு பேட்டரியில் சரக்கு இருக்கும்வரை செல்லும்.

சோதனை ஓட்டம் என்றால் மலையில்தான் என்று இரண்டு கடைகளிலும் பிடிவாதம் பிடித்தேன். அவினாசி சாலையில் ஓட்டிப் பார்த்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிவரை 33 கிலோமீட்டர், ஐந்து பேரும் ஏறினோம். கிரெட்டா டீசல் ஏறியது தெரியவே இல்லை. பேச்சை உரக்கப் பேச வேண்டியிருக்கவில்லை. ஹைபிரிடும் எங்கேயும் திணறவில்லை, ஆனால் செங்குத்தான இடங்களில் காலை அழுத்தியதும் எஞ்சின் முதலில் கத்துகிறது, வேகம் அதன் பின்னால் வருகிறது. அந்தக் கத்தல் பழக்கமில்லாதவர்களுக்கு வண்டி கஷ்டப்படுவதுபோல் கேட்கும். ஏற்றம் ஒன்றையே வைத்து மதிப்பெண் போட்டால் டீசலுக்குத்தான் பரிசு. அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனாலும் பாதி வழி அரசுப் பேருந்தின் பின்னால் முப்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பரிசை வைத்துக்கொண்டு முந்திச் செல்ல இந்தச் சாலையில் எத்தனை இடம் இருக்கிறது?

மாமியாரின் தீர்ப்பு வேறு மாதிரி வந்தது. டீசலின் ஆறு கியர்களும் மிருதுவாகத்தான் மாறுகின்றன, ஆனாலும் மாறுகின்றன. ஹைபிரிடில் மாறுவதற்கு கியரே இல்லை. இழுவை ஒரே சீராக வருகிறது. அரவேணு வந்த பிறகும் அவர் எலுமிச்சம்பழத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை என்பதைக் கணவர்தான் கவனித்துச் சொன்னார்.

இறக்கத்துக்கு வருகிறேன். மலையில் பிறந்தவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கத்தின்மேல்தான் பயம். பர்லியாறு, கல்லாறு பக்கம் சாலையோரம் நிற்கும் வெளியூர் வண்டிகளின் சக்கரத்திலிருந்து பிரேக் கருகும் நாற்றம் வராத விடுமுறை நாளே கிடையாது. 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று பலகை சொல்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இரண்டாவது கியர் எங்கே என்று பலருக்குத் தெரியாது. கிரெட்டாவில் கையால் கியரைக் குறைத்துப் பிடித்துக்கொள்ளலாம். டீசல் எஞ்சின் வண்டியைத் தாங்கி இறக்கும்.

ஹைபிரிடில் இறக்கம் இலவச மின்சாரம் என்று விற்பனையாளர் சொன்னார். எட்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவளிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஐந்து பேரோடு வண்டியின் எடை சுமார் 1,600 கிலோ. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,450 மீட்டர் கீழே இறங்குகிறோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றலை மின்வாரியக் கணக்கில் சொன்னால் ஆறு யூனிட்டுக்கு மேல். இந்த ஹைபிரிடின் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட், அதாவது முக்கால் யூனிட்தான். அதிலும் முழுவதையும் அது பயன்படுத்த விடுவதில்லை. சில கிலோமீட்டர் இறங்குவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். மீதி ஆற்றல் எங்கே போகும்? பிரேக்கிலும், எஞ்சினைச் சும்மா சுழற்றுவதிலும்தான்.

அதற்காகவே கியர் கம்பியில் 'பி' என்று ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். அதில் போட்டால் எஞ்சின் பெட்ரோல் குடிக்காமலே சுழன்று வண்டியைத் தடுத்துப் பிடிக்கிறது. நானே ஓட்டி இறங்கினேன். நன்றாகத்தான் பிடிக்கிறது, பேட்டரி நிரம்பியதும் எஞ்சின் திடீரென்று உறுமும்போது மட்டும் முதல் தடவை நெஞ்சு படக்கென்றது. சாதாரண நிலையிலேயே வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் இந்த வண்டியிலும் கல்லாற்றில் நாற்றத்தோடுதான் நிற்பார்கள். இறக்கத்தில் இரண்டுக்கும் சமமாக மதிப்பெண் போடுகிறேன், ஓட்டுகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

நான் முடிவெடுத்தது ஏற்றத்திலும் இல்லை, இறக்கத்திலும் இல்லை. பள்ளிக்கூடம் போகும் நான்கு கிலோமீட்டரில்.

புதிய டீசல் கார்கள் எல்லாவற்றிலும் புகைபோக்கியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. 2020 ஏப்ரலில் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி வந்ததோடு வந்தது. கரித்தூளை வெளியே விடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. பிடித்த தூளை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், அதற்கு அறுநூறு டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் வர வண்டி நல்ல வேகத்தில் கால்மணி, இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். அவினாசி சாலையில் ஓடுகிற வண்டிக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, தானாக நடந்துவிடும். எங்கள் ஊரில் அறுபதைத் தொட்டுத் தொடர்ந்து கால்மணி ஓட்டச் சாலை எங்கே இருக்கிறது? காலை எட்டு டிகிரி குளிரில் எடுத்து, நான்கு கிலோமீட்டர் ஓட்டி, எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறோம். மாலையில் மறுபடி அதே. சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்று நின்று போனால் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. அதற்காகக் கூடுதலாகப் பாய்ச்சிய டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதையும் கெடுக்கிறது.

எங்கள் தெருவில் ஒருவர் டீசல் வண்டி வைத்திருக்கிறார், எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். அவருக்கும் ஓட்டம் வீடு, கடை, வீடுதான். எட்டு மாதத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு வண்டியே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். இப்போது மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, வேலை இருக்கிறதோ இல்லையோ, கீழே இறங்கி நெடுஞ்சாலையில் வண்டிக்குக் காற்று வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறார். மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவது போலத்தான்.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அவர் தினமும் மேட்டுப்பாளையம் போய் வருகிறவர். அவருக்கு வராது, எனக்கு வரும்.

ஹைபிரிடுக்கும் இந்தக் குளிர் நல்லதல்ல என்பதை மறைக்கக்கூடாது. லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று அவர்கள் போடும் எண்ணை மலையில் மறந்துவிடுங்கள். காலையில் எஞ்சின் தன்னைச் சூடாக்கிக்கொள்ள ஓடும். கண்ணாடியில் படிந்த பனியைப் போக்கச் சூடான காற்றைத் திறந்தால், அந்தச் சூடு எஞ்சினிலிருந்துதான் வரவேண்டும் என்பதால் அது அணையவே அணையாது. ஆனாலும் இதில் நஷ்டம் கொஞ்சம் பெட்ரோல் மட்டும்தான். எதுவும் அடைத்துக்கொள்ளாது. திரும்பி வரும் வழியில், கோத்தகிரி கடைவீதி நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது எஞ்சின் ஒரு நிமிடம்கூட எழவில்லை. எனக்கு அது போதும்.

எரிபொருள் செலவு யாருடைய முடிவையும் மாற்றாது என்று நினைக்கிறேன். எங்கள் ஓட்டம் வருடத்துக்கு ஏழாயிரம் கிலோமீட்டர். மலைக் கணக்கில் ஹைபிரிடுக்கு லிட்டருக்கு இருபது, டீசல் ஆட்டோமேட்டிக்குக்குப் பதினைந்து என்று வைத்துக்கொண்டேன். டீசல் லிட்டருக்கு எட்டு ரூபாய் போல மலிவு. எல்லாம் கூட்டிக் கழித்தால் வருடத்துக்கு எட்டாயிரம் ரூபாய் ஹைபிரிடில் மிச்சம். ஒரு நல்ல டயரின் விலை. ஹைபிரிட் பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர்வரை உத்தரவாதம் இருக்கிறது. அந்த பயமும் இப்போதைக்கு இல்லை.

காசு விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டு வண்டியும் 4 மீட்டரைத் தாண்டியவை, ஆகவே 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம்தான். ஆனால் தமிழ்நாட்டின் ஆயுள் வரி 2023 நவம்பரில் மாறியதிலிருந்து, பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம்வரை 18 சதவீதம், இருபதைத் தாண்டினால் 20 சதவீதம். இரண்டிலும் உயர்ந்த மாடல்கள் இந்தக் கோட்டைச் சுற்றித்தான் நிற்கின்றன. 19.9 லட்சத்துக்கும் 20.1 லட்சத்துக்கும் இடையே விலையில் இருபதாயிரம்தான் வித்தியாசம், வரியிலோ ஏறக்குறைய நாற்பத்து நாலாயிரம். கூரைக் கண்ணாடிக்காக அந்தக் கோட்டைத் தாண்டப் போவதில்லை என்று மகளிடம் சொன்னபோது வீட்டில் ஒரு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

பதிவை மட்டும் கோயம்புத்தூரில் போட்டுவிடாதீர்கள். நீலகிரிக்கான டிஎன் 43 என்ற எண்ணின் அருமை இப்போதுதான் தெரிகிறது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் இல்லாமல் நீலகிரிக்குள் வர முடியாது. நம் எண்ணுக்கு அது தேவையில்லை. உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 வளைவுள்ள கல்லட்டிப் பாதையில் இறங்குவதும் உள்ளூர் எண்ணுக்குத்தான்.

நான்கு சக்கர இழுவை வேண்டாமா என்று கேட்டவர்கள் உண்டு. கிராண்ட் விட்டாராவில் அது கிடைக்கிறது, ஆனால் ஸ்ட்ராங் ஹைபிரிடில் அல்ல, சாதாரணப் பெட்ரோலில்தான். கிரெட்டாவில் கிடையாது. உரமூட்டைக்கும் இலைக்கும் எங்களிடம் பழைய ஜீப் இருக்கிறது, அந்தச் சேறு அதன் பாடு. 2009 நவம்பர் மண்சரிவில் சாலையே காணாமல் போனது. அப்போது எத்தனை சக்கரம் இழுத்து என்ன? மின்சாரக் காரையும் யோசிக்காமல் இல்லை. நான் போட்ட அந்த ஆறு யூனிட்டை வாங்கி வைத்துக்கொள்ள அதன் பெரிய பேட்டரியால்தான் முடியும். ஆனால் எங்கள் வண்டி நிற்பது சாலையோரக் கொட்டகையில், வீடு அங்கிருந்து அறுபது படி கீழே. மின்கம்பியை யார் இழுப்பது?

ஹைபிரிடில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது ஒன்றுதான். பின்னால் சாமான் வைக்கும் இடம். கிரெட்டாவில் 433 லிட்டர். ஹைபிரிடில் பேட்டரி கீழே உட்கார்ந்துகொள்வதால் 265 லிட்டர். கோயம்புத்தூர் போனால் நாங்கள் சும்மா வருகிறவர்கள் அல்லர். அரிசி, துணி, கணவரின் குழாய்ச் சாமான், மாமியாரின் சக்கர நாற்காலி. நாற்காலியை மடித்து வைத்துப் பார்த்தோம். கிரெட்டாவில் அதன் பக்கத்தில் இரண்டு பை நின்றன. ஹைபிரிடில் நாற்காலி மட்டும்தான். இதற்குப் பரிகாரம் கூரைமேல் கம்பிச்சட்டம், அல்லது மூட்டையை அண்ணனின் வண்டியில் ஏற்றி அனுப்புவது. டீசலுக்கு வாதாடியவர் என் ஹைபிரிடின் சுமையைச் சுமக்கப் போகிறார் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஆக, மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ குடியிருந்து வாரம் ஒருமுறை மலையேறுகிறவராக இருந்தால் நான் யோசிக்காமல் கிரெட்டா டீசலை எடுத்திருப்பேன். அண்ணனுக்கும் அதையே சொல்கிறேன். மலையிலேயே குடியிருந்து, நான்கு கிலோமீட்டரைத் தினமும் நான்கு தடவை ஓட்டுகிற எங்களுக்கு ஹைபிரிட்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு பரீட்சை பாக்கியிருந்தது. இந்த வகை ஹைபிரிடில் பின்னால் நகர்த்துவது மின்மோட்டார் மட்டும்தான். எஞ்சினின் இழுவை சக்கரத்துக்கு வராது. எங்கள் கொட்டகையோ சாலையிலிருந்து செங்குத்தாக இறங்கும் சரிவில் இருக்கிறது. தினமும் காலையில் ரிவர்ஸில்தான் மேலே ஏற வேண்டும். இதை விற்பனையாளரிடம் சொன்னபோது, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து ஏறிவந்த வண்டியை, பேட்டரி பாதிக்கும் கீழே இருக்கும்போதே, ஐந்து பேரோடு சரிவில் இறக்கினேன். பிறகு ரிவர்ஸ் போட்டேன். எஞ்சின் மின்சாரம் தயாரிக்க உறுமியது, வண்டி ஆமைபோல் நகர்ந்தது, நிற்கவில்லை, சாலைக்கு ஏறிவிட்டது. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்றாவது முறை பக்கத்து வீட்டார் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மறுநாள் பணம் கட்டியாயிற்று. நிறம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பிள்ளைகள் வெள்ளை என்கிறார்கள். மூடுபனியில் வெள்ளை வண்டி எதிரே வருகிறவன் கண்ணுக்குத் தெரியாது என்கிறார் மாமியார்.